நாலு டாலர் சம்பளமும் மோபி டிக்கும்

ஹெர்மன் மெல்விலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு இடத்துக்கு வந்ததும் ஒப்பாரியை ஆரம்பித்துவிடுகிறார்கள். 'மோபி டிக்' எழுதிய கை பத்தொன்பது வருஷம் நியூயார்க் துறைமுகத்தில் பெட்டிகளையும் மூட்டைகளையும் சோதித்துக்கொண்டிருந்தது, ஒரு மகா கலைஞனை அமெரிக்கா குமாஸ்தாவாக்கிக் கொன்றுவிட்டது என்று. சமீபத்தில் படித்த ஒரு கட்டுரையிலும் இதே பல்லவி. படித்ததும் எரிச்சலாக வந்தது. நானும் காலையில் போய் இரவில் திரும்புகிற குமாஸ்தா வர்க்கம் என்பதால் இருக்கலாம். ஆனால் எரிச்சலை ஓரமாக வைத்துவிட்டு வரவு செலவைப் பார்த்தாலும், ஒப்பாரிக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுங்க இலாகா வேலை மெல்விலைக் காப்பாற்றியது. அவரைக் கசக்கிப் பிழிந்தது அதற்கு முந்தைய காலம், அதாவது எழுத்தை விற்றே குடும்பம் நடத்திவிடலாம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்த வருஷங்கள்.

முதலில் ஆளைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். 1819-ல் நியூயார்க்கில் பிறந்தவர். இரண்டு பக்கமும் பெரிய குடும்பம். அப்பாவைப் பெற்ற தாத்தா பாஸ்டன் தேநீர்க் கலகத்தில் கலந்துகொண்டவர். அம்மாவைப் பெற்ற தாத்தா பீட்டர் கான்ஸ்வோர்ட், அமெரிக்க சுதந்திரப் போரில் ஸ்டான்விக்ஸ் கோட்டையைக் காத்த தளபதி. அப்பா ஆலன் பிரெஞ்சுத் துணிமணிகளை இறக்குமதி செய்தவர். கடன் மேல் கடன் வாங்கி, 1830-ல் வியாபாரம் நொடித்து, ஆல்பனிக்குக் குடிபெயர்ந்து, 1832 ஜனவரியில் கடனோடு இறந்துபோனார். எட்டுப் பிள்ளைகள். ஹெர்மனுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

இனிமேல் வருவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த தகவல். படிப்பை நிறுத்திவிட்டு அந்தப் பையன் போய்ச் சேர்ந்த இடம் ஒரு பாங்க்! ஆல்பனியில் இருந்த நியூயார்க் ஸ்டேட் பாங்க். தாய்மாமா சிபாரிசில் குமாஸ்தா வேலை, வருஷத்துக்கு 150 டாலர். ஆக, மோபி டிக் எழுதியவர் நம்ம ஆள்தான். பிறகு அண்ணன் நடத்திய ரோமத் தொப்பிக் கடையில் கணக்கு பார்த்தார். 1837-ல் அமெரிக்கா முழுக்க அடித்த நிதி நெருக்கடியில் அந்தக் கடையும் திவால். பதினெட்டு வயதுக்குள் சொந்த வீட்டிலேயே இரண்டு முறை வியாபாரம் கவிழ்ந்ததைப் பார்த்தவர் என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் கதை எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். 1841 ஜனவரியில் அகுஷ்நெட் என்கிற திமிங்கில வேட்டைக் கப்பலில் ஏறினார். ஒன்றரை வருஷத்தில், பசிபிக் கடலின் மார்க்கேசஸ் தீவுகளில் நண்பன் ஒருவனுடன் கப்பலை விட்டு ஓடிப்போனார். நரமாமிசம் தின்பவர்கள் என்று பேசப்பட்ட தைப்பி இன மக்களோடு ஒரு மாதம் போல இருந்தார். டஹீட்டியில் கலகக் குற்றத்துக்காகக் காவலில் இருந்தார். கடைசியில் கடற்படைக் கப்பலில் சிப்பாயாகச் சேர்ந்து 1844-ல் ஊர் திரும்பினார். இந்த அனுபவத்தை வைத்து 1846-ல் வந்த 'டைப்பீ' அவரை ஒரே நாளில் பிரபலமாக்கியது. 'இதெல்லாம் கட்டுக்கதை' என்று பலர் சொல்லிக்கொண்டிருந்தபோது, கூடவே ஓடிய அந்த நண்பன் டோபி, பஃபலோ நகரத்திலிருந்து பத்திரிகையில் எழுதி, எல்லாம் நிஜம் என்று சாட்சி சொன்னான். இதைவிட நல்ல விளம்பரம் எந்தப் பதிப்பாளருக்குக் கிடைக்கும்?

அடுத்த வருஷம் 'ஓமூ'. அதே 1847-ல் கல்யாணம். மாமனார் லெமுவல் ஷா, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தலைமை நீதிபதி. இந்த மாமனாரை மறந்துவிடாதீர்கள், கணக்குப் புத்தகத்தில் அடிக்கடி வருவார்.

பிறகு 'மார்டி' என்று ஒரு விசித்திரமான நாவலைத் தன் இஷ்டத்துக்கு எழுதினார். விற்கவில்லை. உடனே பயந்துபோய் 1849 கோடையில் நாலைந்து மாதங்களுக்குள் 'ரெட்பர்ன்', 'வொயிட்-ஜாக்கெட்' என்று இரண்டு புத்தகங்களை எழுதித் தள்ளினார். மாமனாருக்கு எழுதிய கடிதத்தில், இவை இரண்டும் காசுக்குச் செய்த வேலை, மற்றவர்கள் மரம் அறுத்துப் பிழைப்பது மாதிரி நான் இதைச் செய்தேன் என்கிறார். விற்றது இந்த மர வேலைதான்.

இப்போது கொஞ்சம் லோன் ஃபைலைப் பார்ப்போம். தொழில் புத்தி, விடாது.

1850-ல் மாமனாரிடம் 3,000 டாலர் வாங்கி, பிட்ஸ்ஃபீல்டில் ஆரோஹெட் என்ற பண்ணை வீட்டை வாங்கினார். மீதிப் பணத்தில் ஒரு பகுதி விற்றவரிடமே அடமானம். பழைய வீடு விற்றதும் பணம் வரும் என்று கணக்குப் போட்டிருந்தார், அது நினைத்தபடி நடக்கவில்லை. 1851 ஏப்ரலில் பதிப்பாளர் ஹார்ப்பர் சகோதரர்களிடம் அடுத்த புத்தகத்துக்கு முன்பணம் கேட்டார். அவர்கள் லெட்ஜரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஐயா, நீங்களே எங்களுக்குச் சுமார் 700 டாலர் பாக்கி என்று மறுத்துவிட்டார்கள். உடனே மனிதர் என்ன செய்தார்? ஸ்டூவர்ட் என்ற தெரிந்தவரிடம் 9 சதவீத வட்டிக்கு 2,050 டாலர் வாங்கினார். மாமனாருக்குத் தெரியாமல். வட்டிகூட ஒழுங்காகக் கட்டவில்லை.

இப்படி ஒரு பார்ட்டி என் டேபிளுக்கு வந்தால் என்ன எழுதுவேன்? சொந்த மார்ஜின் கிடையாது. வருமானம் நிலையில்லாதது. ஏற்கெனவே ஒரு இடத்தில் டெபிட் பாலன்ஸ். சொல்லாமல் மறைத்த கடன் வேறு. சாங்ஷன் பண்ணினால் அடுத்த ஆடிட்டில் என் தலை உருளும். அந்த 1851 வசந்த காலத்தில், இந்த நிலைமையில் உட்கார்ந்துதான் அவர் மோபி டிக்கை முடித்துக்கொண்டிருந்தார். ஹாதோர்னுக்கு எழுதிய கடிதத்தில் பணத்தின் மேல் விழுகிற சாபத்தைப் படித்தால் புரியும். தான் மனசார எழுத ஆசைப்படுவது விலைபோகாது, விலைபோகிற மாதிரி முழுசாக எழுதவும் தன்னால் முடியாது, கடைசியில் இரண்டுங்கெட்டானாக வந்து நிற்கிறது என்று புலம்புகிறார்.

1851 அக்டோபரில் லண்டனில், நவம்பரில் நியூயார்க்கில் மோபி டிக் வெளியானது. லண்டன் பதிப்பில் கடைசியில் வரும் பின்னுரை எப்படியோ விட்டுப்போயிற்று. கதை சொல்கிறவன் ஒருவன் மட்டும் எப்படிப் பிழைத்தான் என்று சொல்கிற பகுதியே அதுதான். எல்லோரும் செத்துப்போனார்கள் என்றால் கதையை யார் சொல்கிறார்கள் என்று அங்கிருந்த விமர்சகர்கள் கிண்டலடித்தார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு? 1853 டிசம்பரில் ஹார்ப்பர் கட்டிடத்தில் தீப்பிடித்து, இருந்த கொஞ்சநஞ்சப் பிரதிகளும் சாம்பல். அவர் சாகும்வரை அமெரிக்காவில் விற்றது சுமார் 3,200 பிரதிகள். இரண்டு நாட்டிலும் சேர்த்து அந்தப் புத்தகம் அவருக்குக் கொடுத்த மொத்தப் பணம் சுமார் 1,260 டாலர். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரசிகர்கள் மட்டமானவர்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது சுலபம். நிஜமான கோளாறு சட்டத்தில் இருந்தது. 1891 வரைக்கும் அமெரிக்காவில் வெளிநாட்டு எழுத்தாளர்களுக்குக் காப்புரிமை கிடையாது. டிக்கன்ஸ் நாவலை ஒரு பைசா ராயல்டி கொடுக்காமல் அச்சடித்து மலிவாக விற்கலாம். இலவசமாக டிக்கன்ஸ் கிடைக்கும்போது, காசு கொடுத்து மெல்விலை வாங்கி அச்சடிக்க எந்தப் பதிப்பாளருக்கு ஆசை வரும்? சர்வதேசக் காப்புரிமைச் சட்டம் 1891 ஜூலையில் அமலுக்கு வந்தது. மெல்வில் செப்டம்பரில் இறந்தார். ஒப்பாரி வைக்க வேண்டிய இடம் இதுதான். இங்கே யாரும் வைக்கக் காணோம்.

அடுத்த வருஷம் 'பியேர்' வந்தபோது, மெல்விலுக்குப் பைத்தியம் என்றே ஒரு நியூயார்க் பத்திரிகை தலைப்புப் போட்டது. பிறகு பத்திரிகைகளுக்குக் கதை எழுதினார், பக்கத்துக்கு ஐந்து டாலர். 1857 ஏப்ரல் முதல் தேதி (தேதியைக் கவனியுங்கள்) 'தி கான்ஃபிடன்ஸ்-மேன்' வெளியானது. அதைப் போட்ட பதிப்பகமும் அந்த வருஷமே திவாலானது. அதோடு அவர் உயிரோடு இருந்தபோது வெளியிட்ட நாவல்கள் முடிந்தன.

இங்கேதான் ஒப்பாரிக்காரர்களை ஒரு நிமிஷம் நிறுத்திக் கேட்க வேண்டும். நாவல் நின்றது 1857-ல். வேலை கிடைத்தது 1866-ல். நடுவில் ஒன்பது வருஷம் மனிதர் எந்த ஆபீஸுக்கும் போகவில்லையே, ஏன் இன்னொரு மோபி டிக் வரவில்லை? மூன்று சீசன் ஊர் ஊராகப் போய்ச் சொற்பொழிவு செய்தார், எடுபடவில்லை. 1860-ல் ஒரு கவிதைத் தொகுப்பைத் தயார் செய்தார், பதிப்பாளர் கிடைக்கவில்லை. பண்ணையில் பாதியை ஏற்கெனவே 1856-ல் ஸ்டூவர்ட் கடனுக்காக விற்றாகிவிட்டது. ஓய்வு நேரம் ஏராளமாக இருந்தது. கடன்காரனுக்கும் மாமனாருக்கும் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற ஓய்வு நேரத்தில் என்ன எழுத வரும் என்பது, அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. அந்த வேலை அவர் தலையில் கட்டப்பட்ட தண்டனை இல்லை. அவரே தேடி அலைந்தது. 1847-லேயே வாஷிங்டன் போய் அரசாங்க உத்தியோகம் கேட்டார். 1853-ல் தூதரகப் பதவிக்குக் குடும்பமே சேர்ந்து சிபாரிசு பிடித்தது. 1861-ல் மறுபடி வாஷிங்டன். ஃப்ளாரன்ஸ் நகரத்துத் தூதர் பதவியைக் குறிவைத்துப் போய், வெள்ளை மாளிகை வரவேற்பில் லிங்கனோடு கைகுலுக்கிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். அப்படி அலைந்தவருக்கு 47 வயதில், 1866 டிசம்பர் 5-ம் தேதி, நியூயார்க் சுங்க இலாகாவில் இன்ஸ்பெக்டர் வேலை கிடைத்தது. பேட்ஜ் எண் 75. நாளொன்றுக்கு நாலு டாலர், வாரத்தில் ஆறு நாள்.

கணக்கைப் போடுங்கள். வாரத்துக்கு 24 டாலர், வருஷத்துக்கு 1,248. மோபி டிக் ஆயுசு முழுக்கச் சம்பாதித்துக் கொடுத்தது 1,260. உலகத்தின் மிகப் பெரிய நாவல்களில் ஒன்று அவருக்குக் கொடுத்த பணமும், கப்பலில் ஏறிச் சரக்குப் பட்டியலைச் சரிபார்த்த ஒரு வருஷச் சம்பளமும் ஒன்று! இந்த எண்கள் கண்ணில் பட்டபோது நான் கால்குலேட்டரில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். பத்தொன்பது வருஷத்துக்கு 23,000-க்கும் மேல் வருகிறது. இடையில் சம்பளம் குறைந்தது, நாள் விட்டுப்போனது என்று தாராளமாகக் கழித்தாலும் இருபதாயிரத்துக்குக் கீழே போகாது. எழுத்தில் அவர் வாழ்நாள் முழுக்கச் சம்பாதித்தது பத்தாயிரம் டாலருக்குக் கொஞ்சம் மேல்.

அந்த இலாகா எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க மத்திய அரசுக்கு அப்போது முக்கியமான வருமானமே இறக்குமதி வரிதான், அதில் பெரும்பகுதி நியூயார்க் துறைமுகத்தில் வசூலானது. கட்சி மாறினால் ஆள் மாறும். சம்பளத்தில் கட்சிக்குக் கப்பம் கட்ட வேண்டும். வியாபாரிகளின் கையூட்டு சர்வ சாதாரணம். ஊழலுக்குப் பேர்போன இடம். 1878-ல் ஜனாதிபதி ஹேய்ஸ், துறைமுகத்தின் கலெக்டரையே தூக்கினார். தூக்கப்பட்ட செஸ்டர் ஆர்தர் மூன்றே வருஷத்தில் ஜனாதிபதி ஆனது தனிக் கதை, நமக்கு ஆச்சரியமாக இருக்காது.

அந்த இடத்தில் மெல்வில் எப்படி இருந்தார்? 1873-ல் அவருடைய தங்கை கேத்தரினின் கணவர் ஜான் ஹோட்லி, இவர் வேலைக்கு ஆபத்து வந்துவிடக் கூடாதே என்று நிதித்துறைச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். சுற்றிலும் எல்லோரும் கை நீட்டுகிற இடத்தில் இவர் சத்தம் போடாமல் மறுத்துவிடுகிறார், பின்னாலிருந்து யாராவது பாக்கெட்டில் பணத்தைத் திணித்தால் அதையும் சத்தமில்லாமல் எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார், யாரையும் பகைத்துக்கொள்வதும் இல்லை என்று. சிபாரிசுக் கடிதம்தான், கொஞ்சம் மிகைப்படுத்தல் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆனாலும் பணம் புழங்குகிற இடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும். வாங்காமல் இருப்பதை எப்படியோ சமாளித்துவிடலாம். வாங்காமலும் இருந்து, வாங்குகிறவர்களோடு சண்டையும் போடாமல், தினமும் அதே கப்பல் துறைக்குப் போய் வருவது இருக்கிறதே! அதைப் பத்தொன்பது வருஷம் செய்தவரை 'வீணாய்ப்போன கலைஞன்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்கு ஒப்பவில்லை.

ஹட்சன் ஆற்றங்கரையில் அவர் வேலை பார்த்த இடத்தின் பெயரும் கான்ஸ்வோர்ட். தாத்தாவின் பெயரில் அமைந்த தெரு. 1870-ல் ஒருநாள் அங்கே அதே பெயர் கொண்ட ஓட்டலில் புகையிலை வாங்கினார். கான்ஸ்வோர்ட் என்றால் என்ன அர்த்தம் என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்டுப் பார்த்தார். கடைக்காரருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த ஒருவர், அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் நிறைய சொத்து வைத்திருந்த ஒரு பணக்காரக் குடும்பத்தின் பெயர் என்று விளக்கம் கொடுத்தார். கோட்டையைக் காத்த தளபதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதை அம்மாவுக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். கொஞ்சம் வருத்தம், நிறையச் சிரிப்பு. நசுங்கிப்போன மனிதன் எழுதுகிற கடிதம் மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இதற்காக அவர் சந்தோஷமாக வாழ்ந்தார் என்று சொன்னால் பொய்யாகிவிடும். வேலையில் சேர்ந்த ஆறாவது மாதமே, 1867 மே மாதத்தில், மனைவி எலிசபெத்தை அவரிடமிருந்து பிரித்துக் கூட்டிப்போய்விடலாமா என்று அவர் பிறந்த வீட்டாரும் பாதிரியார் ஹென்றி பெல்லோஸும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். புருஷனுக்கு மனநிலை சரியில்லை என்று அந்த அம்மாள் நம்பியிருக்கிறார். கடைசியில் போகவில்லை. செப்டம்பரில் மூத்த மகன் மால்கம், பதினெட்டு வயது, ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பையன், தன் அறைக்குள் துப்பாக்கியால் சுடப்பட்டுச் செத்துக் கிடந்தான். தானே சுட்டுக்கொண்டதுதான். இதற்கு நாலு டாலர் சம்பளத்தில் என்ன பதில் இருக்கிறது? ஒன்றும் இல்லை. மெல்வில் அந்தக் குடும்பத்துக்கு நல்ல அப்பாவாக, நல்ல புருஷனாக இருந்தாரா என்பது வேறு வழக்கு. அதில் அவர் பக்கம் வாதாட நான் தயாரில்லை.

ஆனால் எழுதினார். அதை யாரும் மறுக்க முடியாது. பகலில் கப்பல் துறை, இரவில் 'கிளாரல்'. ஜெருசலேம் யாத்திரையைப் பற்றி 18,000 வரிக்கு ஒரு காவியம்! இந்த எழுத்து வேலை வீட்டில் எல்லோர் மேலும் பிசாசு மாதிரி உட்கார்ந்திருக்கிறது என்று எலிசபெத் உறவுக்காரப் பெண்ணுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார், பாவம். 1876-ல் தாய்மாமா பீட்டர் கொடுத்துவிட்டுப்போன 1,200 டாலரில் புத்தகம் வந்தது. அதே மாமாதான், பன்னிரண்டு வயதில் பாங்க் வேலை வாங்கிக் கொடுத்தவர். அச்சடித்தது 350 பிரதிகள். விற்காமல் தேங்கியதை அழித்துவிடலாம் என்று 1879-ல் ஒப்புக்கொண்டார். அதே காரியம் 1852-ல் நடந்திருந்தால் வீடே முழுகியிருக்கும். 1879-ல் மறுநாள் காலையில் பேட்ஜை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார், சாயங்காலம் வந்து அடுத்த கவிதையை எடுத்தார். சம்பளம் கொடுத்த சுதந்திரம் என்று நான் சொல்வது இதைத்தான். யாருக்குப் பிடிக்கும் என்ற கேள்வியே அவர் மேஜையிலிருந்து போய்விட்டது.

ஹாதோர்ன் கதையைக் காட்டி என்னை மடக்கலாம். அவரும் சேலம் சுங்க அலுவலகத்தில் இருந்தார். 1849-ல் ஆட்சி மாறி வேலை போனது. உடனே 1850-ல் 'ஸ்கார்லெட் லெட்டர்' வந்தது. வேலை போனால் காவியம் பிறக்கும் என்கிற நம்பிக்கைக்கு இது பெரிய சாட்சி. எங்கள் ஆபீஸில்கூட ஒரு இளைஞர், நன்றாகக் கதை எழுதுகிறவர், ராஜினாமா கடிதத்தை டிராயரில் வைத்துக்கொண்டு இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறார். அவருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: ஹாதோர்ன் அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை, 1853-ல் லிவர்பூல் தூதராகப் போனார், அதுவும் அரசாங்க உத்தியோகம்தான். கல்லூரி நண்பர் ஜனாதிபதியாக இருந்ததால் நல்ல வருமானமுள்ள பதவியாகவே கிடைத்தது. அந்த இளைஞர் சிரித்தார், கடிதத்தைக் கிழிக்கவில்லை.

என் வாதத்துக்குச் சரியான எதிர்வாதம் ஒன்று உண்டு, அது 'பில்லி பட்'. 1885 டிசம்பர் 31-ம் தேதி மெல்வில் ராஜினாமா செய்தார். எலிசபெத்துக்கு வந்த சொத்துகளால் அது முடிந்தது. அதற்குப் பிறகுதான் பில்லி பட்டை எழுத ஆரம்பித்தார், சாகும்வரை திருத்திக்கொண்டே இருந்தார். பார்த்தீர்களா, வேலையை விட்டதும் வந்துவிட்டது என்று சொல்லலாம். நியாயம்தான். ஆனால் அப்போதும் அவரைக் காப்பாற்றியது புத்தக வியாபாரம் இல்லை. தவிர, அந்தக் கதையில் வரும் கேப்டன் வியரைப் பாருங்கள். பையன் நல்லவன் என்று தெரியும், ஆனால் போட்டிருக்கிற உடுப்பும் எழுதிவைத்த சட்டமும் அவனைத் தூக்கில் போடச் சொல்கின்றன. ரூல்ஸுக்கும் மனசாட்சிக்கும் நடுவில் நிற்கிற ஒரு அதிகாரியை இவ்வளவு உள்ளேயிருந்து எழுத, கடற்படையில் இருந்த ஒரு வருஷம் மட்டும் போதுமா? எனக்குச் சந்தேகம்.

1891-ல் அவர் இறந்தபோது நியூயார்க் டைம்ஸ் போட்ட சின்னச் செய்தியில் மோபி டிக்கின் பெயரிலேயே எழுத்துப்பிழை. பில்லி பட் கையெழுத்துப் பிரதியை எலிசபெத் பத்திரமாக வைத்திருந்தார். 1919-ல் ரேமண்ட் வீவர் என்ற ஆராய்ச்சியாளர், பேத்தியின் வீட்டில் இருந்த பெட்டியிலிருந்து அதை எடுத்தார், 1924-ல் அச்சானது.

புதிதாகப் படிக்கப்போகிறவர்கள் மோபி டிக்கில் ஆரம்பிக்க வேண்டாம். திமிங்கிலக் கொழுப்பு, தோல், எலும்பு என்று போகிற அத்தியாயங்களில் பாதிப் பேர் இறங்கிவிடுகிறார்கள். 1853-ல் பத்திரிகையில் வந்த 'பார்ட்டில்பி'யை முதலில் எடுங்கள். வால் ஸ்ட்ரீட்டில் ஒரு வக்கீல் ஆபீஸ், அங்கே பிரதி எடுக்கிற ஒரு குமாஸ்தா, கொடுக்கிற வேலையை ரொம்ப மரியாதையாக ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டே வருகிறான். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ஒரு ராத்திரியில் முடித்துவிடலாம். மறுநாள் ஆபீஸுக்குப் போனதும், மூலை சீட்டில் தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கிற மனிதரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.